பிரிக்காத பொட்டலம்

என் உயிர்த் தோழிக்கு,

கயலின் சாதிச் சான்றிதழைத் தேடி இன்று காலை பீரோவின் அடித்தட்டைக் கலைத்தேன். என் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் கையில் சிக்கியது. மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே முனை ஒடிந்த காம்பஸ், பாதி ரப்பர், நோட்டுத் தாளில் மடித்து நூல் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மூன்று முறை வீடு மாறியும் இதைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. பிரிக்கவும் வரவில்லை.

நீ தூக்கி வளர்த்த, உன்னைச் சித்தி என்று கூப்பிடும் என் மகள் கயல் பத்தாவது முடித்துவிட்டாள். நாளை மதியத்துக்குள் பிளஸ் ஒன் விண்ணப்பத்தைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதியாகிவிட்டது, குரூப் என்ற கட்டம் மட்டும் காலி. அவளுக்கு உயிரியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும், டாக்டராக வேண்டுமாம். எனக்கு அதைக் கேட்டாலே பயம். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் நுழைவுத் தேர்வுக்கென்று இரண்டு வருடமாக அறைக்குள்ளேயே கிடக்கிறாள். துணி உலர்த்த வரும்போதுகூட அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் குரூப் என்றால் இங்கேயே ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து வீட்டுச் சோறு சாப்பிட்டுப் படிப்பாள். என் கணவரோ "அம்மாவும் பொண்ணும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் காட்டிய பயத்தில் கயலுக்கும் மனசு ஆடிப்போயிருக்க வேண்டும். காபி குடிக்கும்போது சொன்னாள்: "பேசாம பூக்கட்டிப் பாத்துடலாம்மா. சாமி எது சொல்லுதோ அத எழுதிடறேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

நாம் பத்தாவது முடித்த அந்தக் கோடை விடுமுறையை உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவேன்? நீ மாட்டு டாக்டராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அடி அண்ணாமலையில் உங்கள் வீட்டு மாடு கன்று போட்டபோது, டாக்டர் வருவதற்குள் பாதி வேலையை நீயே பார்த்தவள். உன் அப்பாதான் கம்ப்யூட்டர் படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று உன்னைக் குழப்பிவிட்டிருந்தார். எனக்குத் தவளையை அறுக்கப் பயம், அதனால் நான் கம்ப்யூட்டர் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். ஆனால் நீ இல்லாத வகுப்பில் தனியாகப் போய் உட்கார வேண்டுமே என்ற பயம் அந்தத் தவளையைவிடப் பெரிதாக இருந்தது. பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நீ சொன்னதும் நான்தான் முந்திக்கொண்டேன். "நீ சாமியக் கும்பிட்டுட்டு இரு, நான் கட்டியாறேன்" என்றேன்.

வெள்ளை வந்தால் கம்ப்யூட்டர், சிவப்பு வந்தால் உயிரியல் என்று பேச்சு. கிரிவலப் பாதையில் வாயு லிங்கத்துக்குப் பின்னால் நின்று அரளியை மடித்துக் கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்தேன்.

சின்னப் பிள்ளை யாரையாவது எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு யாரும் இல்லாததால் நீயே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாய்.

"வெள்ளைடி" என்றாய். குரல் இறங்கிப்போயிருந்தது. அப்புறம் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, "இதையும் பிரிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டாய்.

"வேணாம்டி. எடுத்தப்புறம் இன்னொண்ணப் பிரிச்சா சாமி குத்தம்."

அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது அது. நீ நம்பினாய். பொட்டலத்தை உன் கையிலிருந்து வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன்.

இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த இரண்டு வருடமும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டாவது முடித்ததும் கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாய். உயிரியல் படித்திருக்க வேண்டும் என்ற வரியை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தாய். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாய்: "மலையே சொன்னதுக்கப்புறம் நான் இன்னாடி கேக்குறது." அன்றைக்கு நான் மலைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

அப்புறம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்துப் பிரௌசிங் சென்டரில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலை உனக்கு. "மொதல்ல என்ன குரூப்புனு சொல்லு. காலேஜ் அப்புறம்" என்பாய். ஒரு நாள் நான் வந்திருந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டி, "இது மாட்டு டாக்டருக்குப் போவுதுடி" என்று பெருமையாகச் சொன்னாய். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலில் உட்கார்ந்து, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நர்ஸ் வந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நீ இல்லை.

கயல் கேட்டபடி இன்று பூப்பறிக்க வாசலுக்குப் போனேன். எங்கள் வீட்டில் அரளி இரண்டு நிறத்திலும் பூத்திருக்கிறது. பறித்து முடித்து உள்ளங்கையைப் பார்த்தால் இரண்டும் வெள்ளை. யோசித்து நான் பறிக்கவில்லை, சத்தியமாக. என் கை தானாகப் போய்ப் பறித்திருக்கிறது. சாமியை நினைத்து இத்தனை வருடம் பயந்தேன். இன்று என்னை நினைத்துத்தான் பயமாக இருந்தது. பூவை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஜாமெட்ரி பாக்ஸைக் கயல் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நூலைத் தொட்டதும் இற்றுப்போயிற்று. தாள் மடிப்போடு கிழிந்தது. உள்ளே பழுப்பாகக் கொஞ்சம் சருகு.

"வெள்ளையா சிவப்பான்னே தெரியலையேம்மா. சிவப்பாக்கூட இருந்திருக்கும். உனக்கு மறந்துபோயிருக்கும்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். இதைப் பார்த்து யாராலும் இனி ஒன்றும் சொல்ல முடியாது.

"இல்ல. வெள்ளைதான். நான்தான் வெச்சேன்."

கயல் சருகைத் தாளோடு ஓரமாக நகர்த்தினாள். பிறகு பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதினாள்.

"பயமாத்தாம்மா இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன். பெற்றோர் கையெழுத்து போட்டேன். அது கோணலாகப் போயிற்று.

நாளை காலை நானே போய்க் கொடுத்துவிட்டு வருவேன். அவள் தோற்றுப்போய் அழுதால் என்ன செய்வேன் என்று இப்போதே பயமாக இருக்கிறது. சருகை அதே பாக்ஸில் போட்டு மூடியாகிவிட்டது. படுக்கப் போகும் முன் கயல் ஒரு கேள்வி கேட்டாள்: "தெரிஞ்சிருந்தா சித்தி உங்கூடப் பேசியிருப்பாங்களாம்மா?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடமும் நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். பதில் சொல்லத்தான் நீ இல்லை.