வெள்ளிக்கிழமை இறக்காத மெயின்

உ

காக்ஸ் டவுன்,
பெங்களூர்.
4-5-1999

அன்புள்ள தமயந்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கவினும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாவடு போட்டாயிற்று, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே போலீஸ்தான் என்று ஜன்னலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

ஜூனில் நீங்கள் வரும்போது கவினுக்கு மூச்சு மெஷின் நிற்கக் கூடாது என்று நீ போனில் அழுதாயே, அதனால்தான் வீடு முழுவதற்கும் சேர்த்துப் பெரிய ஜெனரேட்டராகவே அப்பா வாங்கினார். கார் ஷெட்டுக்குப் பின்னால் சிமெண்ட் மேடை கட்டி, ஆறு பேர் கயிறு போட்டு இறக்கினார்கள். தெரு கரண்டும் இதன் கரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து விடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மட்டும் எஸ்.பி. ரோடு கடையிலிருந்து சனிக்கிழமைதான் வரும் என்று எலக்ட்ரிஷியன் டெஸ்மண்ட் சொன்னான். அதற்குள் வியாழக்கிழமை மழையில் மரக்கிளை முறிந்து, கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் ஒயர் அறுந்து போயிற்று. தெருவெல்லாம் வெளிச்சம், நம் வீடு மட்டும் இருட்டு. மறுநாள் வெள்ளிக்கிழமை, சித்ரா பௌர்ணமி வேறு. ஒரு நாளைக்கு எப்படியாவது கொடு என்று டெஸ்மண்டை நான்தான் நச்சரித்தேன். அவன் மனசில்லாமல் மத்தியானம் தற்காலிகமாக ஒயர் கொடுத்துவிட்டு, ஆன்ட்டி, மொதல்ல மெயின் சுவிட்சைக் கீழ எறக்கணும், அப்புறம்தான் ஜெனரேட்டர், இதுல மட்டும் ராங் பண்ணிராதீங்க, ஆள் செத்துருவாங்க என்று மூன்று தரம் சொன்னான். ஆங்கிலத்தில் எழுதி மெயின் போர்டில் ஒட்டவும் செய்தான். அதன் கீழே நானே தமிழிலும் எழுதி வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை, தமயந்தி.

சாயங்காலம் லைன்மேன் கோவிந்தப்பா வந்து ஒயரைப் பார்த்தார். ஏணி எடுத்துக்கிட்டு வரேம்மா என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். இருட்டிவிட்டது, இனி நாளைக்குத்தான் வருவார் என்று நினைத்துக் குளித்துவிட்டு விளக்கேற்ற உட்கார்ந்தேன். அப்பா கடையில் இருந்தார். விளக்குக்கு முன்னால் ஜெனரேட்டரைப் போட்டுவிடலாம் என்று எழுந்து போர்டு முன்னால் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், பௌர்ணமி, வீட்டுக்கு வெளிச்சம் தருகிற மெயினை என் கையால் கீழே இறக்குவதா என்று மனசு பின்வாங்கியது. அந்த நேரத்தில் நாம் குப்பை கூடக் கொட்டுவதில்லையே. தெருவிலிருந்துதான் கரண்டே வரவில்லை, மெயின் மேலே இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஜெனரேட்டரைப் போட்டுவிட்டேன். ஒரே சமயத்தில் அத்தனை அறையும் பளிச்சென்று எரிந்தது. நான் கைகூப்பினேன். அதே நிமிஷம் எதிர்வீட்டு மௌரீன், ஜெயா, ஆஃப் பண்ணு, லைன்மேன் மேல இருக்கான், ஆஃப் பண்ணு என்று கத்தினாள். கோவிந்தப்பா திரும்பி வந்து ஏணியில் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. கம்பத்தில் பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஒயரைத் தொட்டிருக்கிறார், ஆனால் மெயின் மேலே இருந்ததால் ஜெனரேட்டர் கரண்ட் நம் வீட்டுப் பக்கத்திலிருந்து அந்த ஒயருக்குப் போய்விட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது காகிதப்பூச் செடிமேல் விழுந்து கிடந்தார். மௌரீன் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

உயிருக்குப் பயமில்லை. தோள் எலும்பு உடைந்திருக்கிறது, வலது கையில் இரண்டு விரல் கருகிவிட்டது, எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி மமதா தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலை எனக்குப் போட்டாள். நானும் உட்கார்ந்தேனடி. அவர் என்னைப் பார்த்து, தப்பு நந்தே அம்மா, என் தப்புதான், அவசரத்துல கிளவுஸ் போடல என்றார். கரண்ட் ஆபீசிலும் அப்படித்தான் எழுதப் போகிறார்களாம். எழுதிவிட்டால் நஷ்டஈடு கிடையாது, வேலையும் போகலாம். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் வெள்ளிக்கிழமை ராத்திரியே எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் போர்டில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வாயத் தொறக்காத, கேஸ் ஆனா ஒன்ன ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போவாங்க, பேரன் வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா என்றார். அவரைத் தப்பாக நினைக்காதே. எனக்காகத்தான் பயப்படுகிறார். டெஸ்மண்ட் சனிக்கிழமை வந்து மெயின் மேலே இருந்ததைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். நேற்று அவனைக் கூப்பிட்டு, நான் சொல்லிடட்டுமா என்று கேட்டேன். என் லைசென்ஸும் போகும் ஆன்ட்டி, ஆனா அந்த ஆள் பாவம், நீங்க போனா நானும் கூட வரேன் என்றான்.

நாளைக்குப் பத்தரை மணிக்குக் கரண்ட் ஆபீசில் விசாரணை. அப்பாவிடம் ஜோகுபாளையம் கோவிலில் ஒரு அபிஷேகம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். ஆபீசர் முன்னால் எப்படிப் பேச வேண்டும், கன்னடத்திலா தமிழிலா, முதல் வார்த்தை என்ன என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஜெயிலில் போடுவார்களா? போட்டால் அப்பாவுக்கு ஊசி யார் போடுவது? இதெல்லாம் யாரிடம் கேட்பேன்?

டிக்கெட்டை ரத்து செய்யாதே. சுவிட்ச் மாட்டியாகிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று டெஸ்மண்ட் சத்தியம் செய்கிறான். அங்கே குளிர்காற்றில் கவினுக்குக் காதைக் கட்டு. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காமல் இந்தக் கடிதத்தைக் காட்டு. போன் செய்யும்போது அப்பா எடுத்தால் கோபமாகப் பேசாதே. நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உங்களால் ஒருவர் கண்ணிலும் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும். இது உன் கைக்கு வரப் பத்து நாளாகும், அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் போகாமல் இருந்துவிடுவேன், அதனால்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலக்ஷ்மி