மஞ்சள் கோடும் இரண்டு முடிச்சும்

பென்னலூர் நிறுத்தத்தில் போன வாரம் புதுத் தார் போட்டார்கள். மறுநாள் காலையில் போய் நின்றதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தேன். நீ போட்ட மஞ்சள் கோட்டைக் காணவில்லை. இத்தனை வருட மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்தது, ஒரே நாளில் தாருக்கு அடியில் போய்விட்டது.

அன்றைக்கே பஸ் தன் பழைய குணத்தைக் காட்டியது. எங்களைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. எல்லோரும் ஓடினோம். மாசமாக இருந்த ஒரு பெண் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு உன்மேல்கூடக் கோபம் வந்தது. இவ்வளவும் செய்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே.

நான் ஆறு மாதமாக இருந்தபோது எனக்கும் இதே கதிதான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நீயும் நானும் ஒரே மேஜையில் அடுத்தடுத்து நின்று வயர் செக் பண்ணினோம். இரண்டு பேரும் கான்ட்ராக்ட். கம்பெனி பஸ் நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான், நமக்கு டவுன் பஸ்தான் கதி. மாதத்தில் மூன்று நாள் லேட்டானால் கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிடுவான். எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. என் வீட்டில் அப்போது வேலைக்குப் போனது நான் ஒருத்திதான்.

"இன்னாடி பண்றது, அவன் நெனச்ச எடத்துல நிறுத்தறான். என்னால ஓட முடியல" என்று அழுதேன். நீ கம்பெனித் தரையைக் காட்டினாய். அங்கே டிராலி, பெட்டி, துடைப்பம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் கோட்டில் கட்டம் போட்டு இடம் ஒதுக்கியிருக்கும். கட்டத்தை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் சூப்பர்வைசர் கத்துவார்.

"ஏட்டி, இங்க காலி டப்பாவுக்குக்கூட எடம் குடுத்திருக்காவ. ரோட்டுல நமக்கு ஒரு எடம் கெடையாதா?" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரில் பட்டறையில் மிச்சம் கிடந்த அரை டப்பா மஞ்சள் பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்தாய். நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். அளப்பதற்கு நீ கொண்டுவந்த கயிற்றின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸின் மூக்கு வரவேண்டிய இடத்தில் ரோட்டோரமாக ஒரு கோடு, படி வருகிற இடத்தில் நாம் நிற்க ஒரு கட்டம். டீக்கடைப் பக்கம் நின்றிருந்த பஸ்ஸை அளந்துதான் இரண்டையும் போட்டாய்.

மறுநாள் நீ டிரைவரைக் கெஞ்சிக் கோட்டில் நிறுத்த வைத்தாய். கட்டத்துக்குள் ஒழுங்காக வரிசையில் நின்ற எங்களுக்கு எதிரே படிக்குப் பதிலாக முன் டயர்தான் இருந்தது. படி பின்னால் தள்ளி, சாக்கடைக்கு நேராக வந்து நின்றது. நீ அளந்தது கம்பெனி பஸ்ஸை. அதற்கு டிரைவர் பக்கத்திலேயே ஒரே ஒரு வாசல். நம் டவுன் பஸ்ஸுக்கு இரண்டு வாசல், இரண்டும் தள்ளித்தான் இருக்கும். தினமும் ஏறி இறங்குகிற நம் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நீதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாய்.

அன்று சாயங்காலமே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த டவுன் பஸ்ஸை அளந்தோம். கயிற்றில் முன் படிக்கு ஒரு முடிச்சு, பின் படிக்கு ஒரு முடிச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கட்டங்கள். ஒரு வாரத்தில் டிரைவரே, "கோட்டுல நிறுத்துனா கூட்டம் சட்டுனு ஏறிடுதும்மா, எனக்கும் நேரம் மிச்சம்" என்றார். அந்த மாதம் எனக்கு மூன்றாவது லேட் விழவில்லை.

பிறகு ஒரு காலை டிப்போவிலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். "ரோட்டுல யாரக் கேட்டு பெயிண்ட் அடிச்சீங்க?" என்று சத்தம் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ கையைத் தூக்கினாய். உன்னை மட்டும் டிப்போவுக்கு வரச் சொன்னார். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு உன்னை அனுப்ப மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு விழாத லேட் உனக்கு விழுந்தது.

"நீ வயித்துப் புள்ளக்காரி. ஒன்ன எதுக்கு இழுக்கணும்?" என்றாய், அவ்வளவுதான். நான் வாய் திறக்காததற்கு வயிறு காரணம் இல்லை, பயம்தான் காரணம். அது உனக்கும் தெரியும். என்றைக்காவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த வருடம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போன நீ காய்ச்சலில் படுத்தாய். திரும்பி வரவே இல்லை. உன் அறையைக் காலி செய்ய வந்த உன் அண்ணனிடம் இந்தக் கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை, விளக்குக் கம்பத்தில் கட்டினேன். கோட்டையும் கட்டங்களையும் நானே போட்டேன். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று காலை பஸ்ஸைக் கைகாட்டிக் கோட்டில் நிறுத்தினேன். மாசமாக இருந்த அந்தப் பெண் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். அவள் ஏறியதைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தபோது, பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிகாரி வேறு ஆள், கேள்வி அதேதான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? ஆனாலும் கையைத் தூக்கினேன்.

"நாங்கதான் சார், ரெண்டு பேரு" என்றேன்.

அவர் என் பக்கத்தில் பார்த்தார். "இன்னொருத்தர் எங்க?" என்றார்.

"அவ இப்ப வர்றதில்ல சார். எதுவா இருந்தாலும் என்ன கேளுங்க" என்றேன்.