என் மணிக்கட்டில் நாற்பது டாக்டர்கள்

அன்பு மகளுக்கு,

நீ நலம்தானே? இங்கே நானும் உன் சித்தியும் உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருக்கிறோம். அண்ணன் பெண்ணாகப் பிறந்து என் கையில் வளர்ந்த பாவத்துக்கு இந்தக் கடிதத்தை நீ முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் சித்தப்பா இப்போது சாதாரண அட்டெண்டர் இல்லை, மருத்துவக் கல்லூரியின் நடமாடும் பாடப்புத்தகம். புது ஸ்கேன் கருவி வந்ததிலிருந்து நரம்புப் பாடத்துக்கு என் வலது கைதான். பாடம் எடுக்கும் மேடம் என் மணிக்கட்டில் ஜெல்லை மலையாகக் கொட்டுவார், நாற்பது வருங்கால மேதைகள் வரிசையாக வந்து எலும்பு தேயக் கருவியைத் தேய்ப்பார்கள், தேய்த்துவிட்டுத் திரையில் தெரியும் தசைநாணைக் காட்டி இதுதான் நரம்பு மேடம் என்று சத்தியம் செய்வார்கள். விரலை மடக்கினால் வழுக்கி ஓடுவது தசைநாண், அசையாமல் உட்கார்ந்திருப்பது நரம்பு என்று மேடம் கத்திக் கத்தி, கட்டடத்துக்கே பாடமாகிவிட்டது.

போன வாரம் செய்முறைத் தேர்வு. பிள்ளைகள் முழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மேடம் குனிந்து மதிப்பெண் போடும்போதெல்லாம் விரல்மேல் போட்டிருந்த துண்டுக்கடியில் விரலை மெல்ல ஆட்டிக்கொடுத்தேன். வரலாறு காணாத தேர்ச்சி! தன் போதனையின் மகிமையை எண்ணி மேடத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடைசியாக வந்தவள் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்ட பெண், நத்தைகூட அவளை முந்திவிடும், அதனால் துறையில் அவள் பெயரே நிதானம். இந்த முறையும் போனால் ஒரு வருடம் வீண் என்று அவளுக்காக விரல்களை நாட்டியமே ஆடவிட்டேன். அவளோ, அங்கிள் கொஞ்சம் சும்மா இருங்க என்று எல்லார் முன்னாலும் போட்டுக்கொடுத்துவிட்டாள். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மறுதேர்வு, என்னைக் கட்டிவைத்து உதைக்காத குறை. நிதானம் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், நரம்பு இதான் மேடம், ஆனா இங்க வீங்கியிருக்கே என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார் மேடம். அவள் விடவில்லை. என்னைக் கண்ணை மூடச்சொல்லி, எந்த விரலைத் தொடறேன் சொல்லுங்க என்றாள். நான் கம்பீரமாக, நீ இன்னும் தொடவே இல்லையேம்மா என்றேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் தொட்டு முடித்துவிட்டாளாம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நாலு மாதமாக விரல்கள் மரத்துப்போகின்றன, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதே உன் சித்திதான். போனில் உன்னிடம் மல்யுத்த வீரன் மாதிரி இருக்கிறேன் என்று அளந்தது சுத்தப் பொய். இத்தனை நாள் என் கையை ஊருக்கெல்லாம் காட்டிய மேடம் அன்றைக்குத்தான் எனக்காகப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பை நெரிக்கும் பட்டையை அறுத்துவிட வேண்டுமாம், தள்ளிப்போட்டால் கட்டைவிரல் சதை சூம்பிப் பிடிமானமே போய்விடுமாம். நிதானம் பாஸ், அதுவும் முதல் மதிப்பெண். எனக்கு வருகிற வியாழன் ஆபரேஷன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை, மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. வேளைக்குச் சாப்பிடு, உடம்பில் எதுவானாலும் என்னைப்போல் மறைக்காதே. அவ்வளவு தூரத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம் என்று எழுதும்படி சித்தி சொன்னாள். எழுதிவிட்டேன். நீ புதன்கிழமையே வந்துவிடு.

இப்படிக்கு,
அஞ்சாநெஞ்சன், உன் சித்தப்பா