வாயுவா, நிலக்கரியா

29 பிப்ரவரி 1984, புதன்
வெயில், புழுக்கம். நார்தம் ரோடு வகுப்பில் காற்றாடி மறுபடியும் பழுது. எண்ணெய்க் கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுத்த வரைபடங்கள், ஆள் உயரத்துக்குக் காகிதச் சுருள். படித்தது:
காமா கதிர்வீச்சு: குறைந்தால் மணல், கூடினால் களிமண்.
மின்தடை: உப்புத் தண்ணீர் என்றால் குறையும், எண்ணெய், வாயு என்றால் ஏறும்.
அடர்த்தி, நியூட்ரான்: பாதித் தூக்கம்.
வேலை ஒன்றே ஒன்று, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில்; வெள்ளிக்கிழமைத் தேர்வில் முந்துகிறவனுக்கு. கூடப் படிக்கும் ஜமாலுக்கு அது கிடைத்தால்தான் பெண் வீட்டில் நிக்காஹ்வுக்குத் தேதி வைப்பார்களாம். "நீதான் இதுல புலி. சொல்லிக் குடு லா, மச்சான்," என்று பின்னாலேயே வருகிறான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

2 மார்ச், வெள்ளி
தேர்வு. ஒரு படம், ஒரு கேள்வி: நடுவில் இருக்கும் அடுக்கு என்ன? கலந்து பேசலாம், விடை மட்டும் தனித்தனி என்றார் ஆசிரியர்.
ஜமால் பென்சிலில் 'நிலக்கரி' என்று எழுதியிருந்தான். சிரித்துவிட்டேன். "மண்டையில என்னடா இருக்கு? தடை ஏறுது, அடர்த்தி இறங்குது. கேஸ்டா!" உடனே அழித்து 'கேஸ்' என்று மாற்றினான். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது, தாளைக் கொடுத்துவிட்டு ஓடினான்.
பிறகுதான் நியூட்ரான் கோட்டைப் பார்த்தேன். வாயு என்றால் அதுவும் அடர்த்திக் கோடும் எதிரெதிர்ப் பக்கம் போகும். இங்கே இரண்டும் ஒரே பக்கம். ஐயோ, நிலக்கரி. அவன் எழுதியதே சரி.
ஜன்னலுக்குக் கீழே இன்னும் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பான். வாயைத் திறக்கவில்லை. என் தாளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.
சீ, நானும் ஒரு மனுஷன்.

3 மார்ச், சனி
சட்டை இஸ்திரி. பல் வலி. "என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" அம்மா. ஆசிரியருக்குப் போன் போட்டேன். "ஹலோ" என்றார். வைத்துவிட்டேன்.

6 மார்ச், செவ்வாய்
காலையில் மழை. வேலை எனக்கு. அம்மா தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போய்விட்டார். எனக்கு எங்காவது ஓடிப்போகலாம் போலிருந்தது.
சாயந்திரம் ஜமால் வந்தான், கையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். கட்டிப்பிடித்தான். கண்ணெல்லாம் சிவப்பு.
"நிக்காஹ் தள்ளிப் போவுது. பரவால்ல லா. நாம ரெண்டு பேருமே கேஸ்னுதானே எழுதுனோம்? உனக்கு நேரம் நல்லாருக்கு, அவ்ளோதான்."
ஆமாம் என்றேன்.