அறுபத்திரண்டாம் எண் முத்திரை

டெட்ராய்ட்,
ஏப்ரல் 9, 1974

அன்பு மகள் வெர்னாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மேல்வீட்டு ஐரீன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த ஓயாத மழையூரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. இங்கே பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. உன் கடிதத்தை ஐரீன் இரண்டு தரம் படித்துக் காட்டினாள். மாப்பிள்ளை ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் பச்சை லாரிமர் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்திருக்கிறார், ஜூனில் அதிலேயே வந்து என்னை லாரிமர் கார்க்காரர்கள் கூட்டத்துக்கு அழைத்துப் போவீர்கள், என் கை பட்ட கார் ஒன்றுகூடச் சோடை போனதில்லை என்று மேடையில் சொல்வீர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அம்மா.

நான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறாம் வருஷத்தில் லாரிமர் என்றால் டாக்டரும் ஜட்ஜும் பேர் கொடுத்துக் காத்திருந்து வாங்குகிற கார். நான் கதவு மாட்டுகிறவன். மாட்டினதும் உள்ளே ஏறி உட்கார வேண்டும், வெளியே நாலு பக்கமும் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள், ரப்பர் ஓரமெல்லாம் உலர்ந்த கையால் தடவி ஈரம் இல்லை என்றால்தான் கதவின் விளிம்பில் அவனவன் எண் முத்திரையைக் குத்தலாம். எழுத்தறியாத எனக்கு அறுபத்திரண்டுதான் கையெழுத்து. யுத்தம் முடிந்து பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்தன, எங்கள் கார் தேங்கியது, பாதி ஆட்களைக் கழித்தார்கள், மிச்சம் இருந்தவர்களை விரட்டினார்கள். ஐம்பத்தைந்தில் மேஸ்திரி வந்து, "தண்ணி ஊத்திப் பாத்துட்டிருந்தா விடிஞ்சிரும், குத்திட்டுத் தள்ளுங்கப்பா" என்றான். எனக்கு அடுத்த இடத்தில் இருந்த லெஸ்டர், முப்பத்தெட்டாம் எண், திட்டு வாங்கிக்கொண்டே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தான். நான் பார்க்காமலே குத்தினேன். அந்த வருஷம் முழுக்கக் குத்தினேன்.

என் பேச்சை நம்பித்தான் உன் ஓட்டிஸ் மாமா லாரிமர் வாங்கினான். முதல் மழைக்கே நனைந்த தரைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு சர்ச் வாசலுக்கு வந்து எல்லோர் எதிரிலும், "மச்சான், உன் கார்ல மீன் வளக்கலாம்டா, தூண்டில் சேத்துக் குடுக்கலையா?" என்றான். கதவைத் திறந்து பார்த்தேன். அறுபத்திரண்டு. கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு, "இது லெஸ்டர் வேலைப்பா" என்றேன். அதிலிருந்து, அவன் மாட்டின கதவு குழாய் மாதிரி ஒழுகும் என்று லெஸ்டருக்குக் குழாய்க்காரர் என்றே பேர். "வாங்க குழாய்க்காரரே, குடை கொண்டாந்தீங்களா?" என்பான் ஓட்டிஸ், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். லெஸ்டர் என்னை மட்டும் பார்ப்பான். நாலு ஞாயிறு பொறுத்துவிட்டு அந்தச் சர்ச்சுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நம் தெருவில் அப்புறம் ஒருவரும் லாரிமர் வாங்கவில்லை. மூன்று வருஷத்தில் ஆலையைப் பூட்டினார்கள். மேலே இருந்தவர்கள் கெடுத்தார்கள் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவர்களும் கெடுத்தார்கள், நானும் கெடுத்தேன். இதை எழுதும்போது ஐரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவி மனுசா, பத்தொம்பது வருசமா நானும் அவர அப்படித்தானே கூப்பிட்டேன்" என்றாள். அதையும் எழுது என்றேன்.

ஓட்டிஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். லெஸ்டர் இருக்கிறான், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், மகள் வீட்டில். ஜூனில் வந்தால் கூட்டம் வேண்டாம், காரை முதலில் அங்கே ஓட்டு. ஊர் எதிரில் சொன்ன பொய், அதனால் நான் வாயைத் திறக்கும்போது நீயும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் கதவைச் சாத்தினாலும் நின்று சொல்லிவிட்டு வருவோம்.

மாப்பிள்ளையைக் கதவு விளிம்பைப் பார்க்கச் சொல். முப்பத்தெட்டு என்றிருந்தால் தொட வேண்டாம். அறுபத்திரண்டு என்றிருந்தால் ரப்பரை மாற்றி, தண்ணீர் அடித்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து தடவிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், மறந்துவிடாதே. மலைப்பாதையில் மெதுவாக வாருங்கள். ஆண்டவர் உங்கள் நாலு பேரையும் நனையாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆலை பூட்டின அன்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த முத்திரை இப்போது என் கையில் இருக்கிறது. ஐரீனை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன், ஒரு வரியிலும் பொய் இல்லை என்று பார்த்த பிறகுதான் குத்துகிறேன்.

உன் அப்பா ஹோபர்ட்
62