சத்தத்துக்கு அமுக்கிய பொத்தான்

இன்று காலை கண் ஆஸ்பத்திரி இருட்டறையில், நீ தாடை வைத்த அதே தாங்கியில் என் தாடையை வைத்து உட்கார்ந்தேன். ஒரு கண்ணை மூடி, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். இயந்திரம் டிக், டிக் என்றது. உன் ஞாபகம் வந்தது, அழுகை வரவில்லை. நீ போனதிலிருந்தே அப்படித்தான் இருக்கிறேன்.

உனக்கு வந்தது அபூர்வமான வகைக் கண்ணழுத்த நோய். கண்ணுக்குள் இருக்கும் நிறத்திரையிலிருந்து தூள் உதிர்ந்து, நீர் வடியும் வழியை அடைத்துவிடுகிறது என்றார் டாக்டர். லேசர் போட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "பச்சையா மின்னுச்சுடா, அவ்ளோதான். வா, காபி குடிக்கலாம்" என்றாய். போன பார்வை திரும்பாது, பக்கப் பார்வையை அடிக்கடி சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி லேசர் என்று அவர் சொன்னதைத் துணைக்கு வந்த சிநேகிதன் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பக்கப் பார்வைச் சோதனையில் வெளிச்சம் தெரிந்தால் மட்டும் பொத்தானை அமுக்க வேண்டும். நீ சத்தத்துக்கு அமுக்கினாய். மண்டி மொஹல்லா டீக்கடையில் அதைப் பெருமையாகச் சொன்னாய்: "இருவது வருசமா பிரஸ் மிஷின்ல நிக்கிறேன், டிக்குன்னா கை தானா போகும். கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா என்னை ஃபேக்டரி கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்கடா." நானும் சிரித்தேன். சோதனை எடுத்த பெண், சரியாக வரவில்லை, இன்னொரு முறை பார்க்கலாம் என்று கன்னடத்தில் சொல்லித்தான் முடிவுத் தாளைக் கொடுத்திருக்கிறாள். "நாளெ பர்தீனி" என்று, நாளைக்கு வருவதாகச் சொல்லி நழுவி வந்திருக்கிறாய். அதற்கும் சிரித்தேன். நீ திரும்பப் போகவே இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த லாரியை நீ பார்க்கவில்லை. "கண்ணு நல்லாத்தான இருந்துச்சு, அண்ணா? பேப்பர்கூட குடுத்தாங்களே" என்று உன் மனைவி கேட்டாள். ஆமாம்மா என்றேன்.

இன்று பல தடவை சத்தம் கேட்டது, வெளிச்சம் வரவில்லை. கட்டைவிரலை அசைக்காமல் வைத்திருந்தேன். என் தாளில், பார்வை போன இடம் என்று, ஓர் ஓரம் முழுக்கக் கறுப்பு. எனக்கும் கண்ணழுத்தமாம், லேசர் போட வேண்டுமாம். சரி என்றேன். பயம்கூட வரவில்லை.

உன் தாளில் கறுப்பே கிடையாது. அதை அவள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறாள். என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டையும் அவள் முன்னால் விரித்து, உன்னுடையது பொய் என்றும், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றும் சொல்ல வேண்டும்.