ஜன்னலோரக் கறுப்பு

ஆகஸ்ட் 3, சனி

மால்கம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். 24ஆம் தேதி வடக்கே டவுன்ஸ்வில் நகரிலிருந்து வந்து வேகன் காரை எடுத்துக்கொள்வானாம். விவாகரத்தில் வீடு எனக்கு, கார் அவனுக்கு. சரி.

ஆனால் இருபது வருட வெயிலில் கார் ஜன்னல்களைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டைகள் தோல் உரிந்து, சாம்பல் நிற உலோகம் தெரிகிறது. பார்த்ததும் என்ன நினைப்பான் என்று தெரியும். இந்தப் பதினெட்டு மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை அந்தப் பட்டைகளிலிருந்து அவன் படித்துவிடக் கூடாது. நானே புதுப்பிக்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாள் முழுக்க உப்புத்தாளால் தேய்த்தேன். மாலையில் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து "போதும்" என்றேன். குரல் கரகரத்தது. வெள்ளிக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை.

ஆகஸ்ட் 7, புதன்

பெயிண்ட் கடைக் கவுண்டரில் ஒரு சமோவாக்காரி, பசிபிக் தீவுப் பெண். தெயூய்லா என்று பெயர் அட்டை. நாற்பது இருக்கும். யாருடைய கார் என்று கேட்டாள். முன்னாள் கணவனுடையது என்றேன்.

"அப்ப மட்டமான பெயிண்டா ஒண்ணு தரவாக்கா?"

பாதி தேய்த்த காரை வீட்டில் விட்டிருந்தேன். பஸ் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மறுபடி கடை. கண்ணாடி மேல் ஒட்டும் மறைப்பு டேப் தீர்ந்துவிட்டது. (தீரவில்லை.)

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் மேல்காற்று கிளம்பும் முன்பே அடித்து முடித்தேன். பத்தே நிமிடம் — பெயிண்ட் அங்கங்கே விலகிக் குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் குழி. மூன்றாவது தடவையும். டப்பாவைத் தூக்கி எறிஞ்சிட்டேன். யாருக்காக இதெல்லாம்? அவன் என்ன நினைச்சா எனக்கென்ன?

டப்பா வேலியோரம் கிடக்கிறது. போய் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலை முடிந்து கடைக்குப் போய்ப் போனில் எடுத்த குழிகளின் படத்தைக் காட்டினேன். பட்டைகளுக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் உண்டா என்று தெயூய்லா கேட்டாள். உண்டு. ஞாயிறுதோறும் மால்கம் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பான். அவன் போனபிறகு நான் அடித்தேன். ஏன் அடித்தேன்? ஞாயிறு என்பதால்.

"அது மேல பெயிண்ட் நிக்காதுக்கா. தேய்க்கத் தேய்க்கக் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். முதல்ல கழுவணும், அப்புறம்தான் தேய்க்கணும். எங்க வேலை பாக்கறீங்க?"

குடிநீர்ச் சோதனைக்கூடத்தில், வேதியியலாளராக, இருபத்திரண்டு வருடம் என்றேன்.

அவள் கவுண்டரில் தலை சாய்த்துச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

பிசுக்கு எடுக்கும் திரவம். ஒரு தடவை துடைத்த துணியால் மறுபடி துடைக்கக் கூடாது. அவன் விட்டுப்போன சட்டைகளைக் கிழித்தேன். பதினொன்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நின்றது. பெயிண்டில் ஒரு குழிகூட இல்லை. நாலு கதவிலும் ஒரே கறுப்பு, அளவான மினுக்கம். காட்ட ஆளில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மால்கம் வந்தான். பத்து நிமிடம்தான். டயர் பார்த்தான், என்ஜின் எண்ணெய் பார்த்தான். பட்டைகளை அவன் பார்க்கவே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. நீ எப்படியிருக்கே?"

"நல்லாயிருக்கேன்."

அதையும் அவன் சரிபார்க்கவில்லை. கிளம்பிவிட்டான்.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போய் உப்புத்தாள் எடுத்தேன். தெயூய்லா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கார்தான் போயிடுச்சே. இனிமே எதைத் தேய்க்கப்போறீங்க?"

தாளைக் கவுண்டரில் வைத்தேன். அவளே, தங்கள் தேவாலயச் சபை வேனிலும் பட்டை உரிகிறது, ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்று விலாசம் எழுதிக் கொடுத்தாள். தாளுக்கு விலை போடவில்லை. திருப்பி அலமாரியில் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கருவிப் பையோடு போனேன். ஆராதனை முடியவில்லை. வேன் வெளியே நின்றது. நேரத்தை வீணாக்குவானேன் என்று திரவத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். வெள்ளைத் தொப்பியும் வெள்ளை உடையுமாகப் பெண்கள் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி என் கையிலிருந்து துணியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். தெயூய்லா ஓடி வந்தாள்.

"ஐயோ அக்கா, ஞாயித்துக்கிழமை நாங்க யாரும் வேலை செய்ய மாட்டோம்."

"அப்புறம் எதுக்கு இன்னிக்கு வரச் சொன்னே?"

"சாப்பிடத்தான்."

பையை யாரோ வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஜெபம் நடந்தபோது — எனக்கு நம்பிக்கை கிடையாது — தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை, சுட்ட பன்றி. வலப்பக்கத்துப் பெண் என்னிடம் எதுவும் கேட்காமல் தன் முழங்கால் வலியைப் பற்றி முழு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டாம் முறை பரிமாற வந்தார்கள். தட்டை நீட்டினேன்.